செல்லாக்காசான சாம்பியன்

1999. பி.காம். இரண்டாம் வருடம். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பைக் கட் அடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் சாப்பிட்டது போக, கீழ் மூலையில் நாலே நாலு வரி. இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் என்ற இடத்தில் நடந்த பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ பந்தயத்தில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜெயித்துவிட்டார்.

பெருமையாக நண்பனிடம் காட்டினேன்.

"ஃபார்முலா ஒன்னா?" என்றான்.

"இல்லடா. த்ரீ."

"அப்ப தேர்ட் க்ளாஸா?" என்று கேட்டுவிட்டு வடையை எடுக்கப் போய்விட்டான்.

அன்றைக்கு அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். ஆனால், அந்தப் போட்டிதான் இப்போது இல்லை. 2014-ல் இழுத்து மூடிவிட்டார்கள். அறுபது வருடத்துக்கு மேல் வரலாறு உள்ள ஒரு தேசியப் போட்டி எப்படி வளர்ந்தது, எப்படிப் படுத்தது என்பது கார் பைத்தியங்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. பையனையோ பெண்ணையோ ஏதாவது ஒரு கோச்சிங்கில் சேர்த்துவிட்டு, வாசலில் ஸ்கூட்டரில் காத்திருக்கிற எல்லோருக்கும் இதில் சேதி இருக்கிறது.

முதலில் அடிப்படை. ஒரே ஒருவர் உட்காரும் கார், சக்கரங்கள் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதில் உச்சிப்படி ஃபார்முலா ஒன். அங்கே போக விரும்பும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஏறவேண்டிய படிகளில் ஒன்றுதான் ஃபார்முலா த்ரீ. ஒவ்வொரு நாடும் தனித்தனியாக இதை நடத்தியது. பிரான்ஸுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பெரிய பெயர் பிரிட்டனுடையது.

இப்போது கமர்ஸ் படித்தவனின் சந்தேகம். இந்த வியாபாரத்தில் யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்? சினிமாவில் நடிகருக்குச் சம்பளம். கிரிக்கெட்டில் ஆட்டக்காரருக்குச் சம்பளம். இங்கே உல்டா. ஓட்டுகிற பையன்தான் அணிக்குப் பணம் கட்டவேண்டும். அப்பா கட்டுவார், இல்லாவிட்டால் ஸ்பான்ஸர் கட்டுவார். கடைசிக் காலத்தில் ஒரு சீசனுக்கு லட்சக்கணக்கான பவுண்டுகள். டிக்கெட் வசூல், டி.வி. வருமானம் எல்லாம் ஊறுகாய் மாதிரி ஓரத்தில்தான்.

அப்படியானால் கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கிறது? ஒரு மார்க் ஷீட். "பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் இத்தனையாவது இடம்" என்கிற ஒற்றை வரி. அந்த வரியைப் பார்த்து ஃபார்முலா ஒன் முதலாளி ஒருவர் போனை எடுத்துக் கூப்பிட்டால் கட்டிய பணம் வசூல். கூப்பிடாவிட்டால் அந்தப் போட்டி வெறும் விலை உயர்ந்த பொழுதுபோக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கதை ஆரம்பித்ததே ஏழ்மையில்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சும்மா இருக்க முடியாத சில ஆசாமிகள் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டினார்கள். சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்ற அப்பாவும் பிள்ளையும் 1946-ல் இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பக்கங்களை வெட்டி, முதுகோடு முதுகு ஒட்டி ஒரு கார் செய்தார்கள். பைக் எஞ்சினுக்குச் செயின்தான் வசதி. செயின் பின்சக்கரத்துக்குப் போகவேண்டும். ஆகவே, எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைத்தார்கள். சிக்கனத்துக்காகச் செய்த அந்த ஏற்பாடு பிறகு உலகையே புரட்டியது. பின்னால் எஞ்சின் வைத்த கூப்பர் காரில்தான் ஜாக் பிரபாம் 1959, 1960 இரண்டு வருடமும் உலக சாம்பியன் ஆனார். இன்றுவரை ஃபார்முலா ஒன் காரில் எஞ்சின் பின்னால்தான்.

இந்தக் குட்டிக் கார்களுக்கான பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் 1951-ல் தொடங்கியது. நடுவில் சில வருடங்கள் விட்டு, 1964-ல் ஃபார்முலா த்ரீ புது விதிகளோடு திரும்பி வந்தது. அந்த வருடம் ஜெயித்தவர் ஜாக்கி ஸ்டூவர்ட். அவருக்குக் கார் கொடுத்தவர் கென் டிரெல் என்ற மர வியாபாரி. மரக்கடைக்காரரும் மெக்கானிக் பையனும் சேர்ந்து பின்னாளில் உலக சாம்பியன் பட்டம் வாங்கினார்கள் என்றால், அந்தப் படிக்கட்டு எவ்வளவு திறந்து கிடந்தது பாருங்கள்!

எமர்சன் ஃபிட்டிபால்டி என்ற பிரேஸில் பையன் 1969-ல் இங்கிலாந்து வந்து இறங்கினார். அதே வருடம் அங்கே ஃபார்முலா த்ரீ பட்டம். 1970-ல் ஃபார்முலா ஒன். 1972-ல் உலக சாம்பியன். மூன்றே வருடம்! நம் ஊரில் ஒரு டிகிரி முடிக்கிற நேரம். விடுவார்களா? சாவ் பாலோவிலிருந்து பையன்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். ஹோம்சிக்னஸும் இங்கிலாந்து மழையுமாகக் கிடந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ஓட்டினார்கள்.

ஆனால், இந்தக் கட்டத்தில் ஒரு கோளாறு இருந்தது. எழுபதுகளில் பிரிட்டனில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபார்முலா த்ரீ சாம்பியன்ஷிப்கள் நடந்தன. ஆளுக்கொரு கிளப், ஆளுக்கொரு ஸ்பான்ஸர், ஆளுக்கொரு கோப்பை. 1978-ல் நெல்சன் பிக்கே ஒரு சாம்பியன், டெரிக் வார்விக் இன்னொரு சாம்பியன். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். ஆனால், "யார் பெரியவர்?" என்று கேட்டால் பட்டிமன்றம்தான் வைக்கவேண்டும்.

1979-ல் புத்தி வந்து எல்லாவற்றையும் ஒரே போட்டியாக இணைத்தார்கள். என்னைக் கேட்டால், பொற்காலத்தின் தொடக்கம் அதுதான். ஒரே ஒரு அச்சகத்தில் அடித்த நோட்டுக்கு ஊரெல்லாம் ஒரே மதிப்பு. மேலே போக நினைக்கிற அத்தனை பேரும் ஒரே மைதானத்துக்கு வந்தாகவேண்டும். தப்பிக்க முடியாது.

அதற்கு உச்சபட்ச சாட்சி 1983. அயர்டன் சென்னா வரிசையாக முதல் ஒன்பது பந்தயங்களை ஜெயித்தார். மற்றவர்கள் மூட்டை கட்டவேண்டிய நேரம். ஆனால் எடி ஜோர்டான் என்பவரின் சின்ன அணியில் ஓட்டிய மார்ட்டின் பிரண்டில் விடவில்லை. துரத்தினார். அவசரத்தில் சென்னா தப்பு செய்ய ஆரம்பித்தார். ஒரு மோதலில் சென்னாவின் கார் பிரண்டில் காரின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அக்டோபரில் கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது, நம்புங்கள், பிரண்டில் ஒரு புள்ளி முன்னிலை! கடைசியில் சென்னா ஜெயித்தார், பட்டமும் அவருக்கே. இருபது பந்தயங்களில் பன்னிரண்டு வெற்றி.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. அடுத்த வருடம், 1984-ல், சென்னா ஃபார்முலா ஒன்னில் இருந்தார். தோற்ற பிரண்டிலும் இருந்தார்! ஏனென்றால், சென்னாவைக் கடைசி ஞாயிறுவரை தூங்கவிடாமல் அடித்தவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று எல்லோருக்கும் புரிந்தது. இரண்டாவது இடத்துக்கும் சந்தையில் விலை இருந்தது. ஒரு போட்டி ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஜெயித்தவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்காதீர்கள். தோற்றவனுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

1990-ல் இரண்டு ஃபின்லாந்து மிக்காக்கள். மிக்கா ஹாக்கினன் முதலிடம், மிக்கா சாலோ இரண்டாமிடம். இருவருமே ஃபார்முலா ஒன் போனார்கள். முதலாமவர் 1998, 1999-ல் உலக சாம்பியன்.

அந்த 1999-க்கு வருவோம். என் நண்பன் வடை தின்ற வருடம். அந்த சீசன் மார்க் லிஸ்ட் இது: முதலிடம் மார்க் ஹைன்ஸ், இரண்டாமிடம் லூசியானோ பர்ட்டி, மூன்றாமிடம் ஜென்ஸன் பட்டன், ஆறாமிடம் நரேன் கார்த்திகேயன். முதலில் வந்த ஹைன்ஸுக்கு ஃபார்முலா ஒன் வாய்ப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்த பட்டன் நேராக 2000-ல் வில்லியம்ஸ் அணியில் போய் உட்கார்ந்தார். 2009-ல் உலக சாம்பியன். ஆக, இங்கே எப்போதும் தர்மம்தான் ஜெயித்தது என்று நான் கதை விடப்போவதில்லை. பணம், அதிர்ஷ்டம், முகராசி எல்லாம் அப்போதும் உண்டு. சென்னா வீட்டில் வசதி இருந்தது. நரேன் வீட்டிலும் ரேஸ் பாரம்பரியம் இருந்தது, அவர் அப்பா பெயர்பெற்ற ராலி டிரைவர்.

ஆனாலும் பாருங்கள். 2000-ல் நரேன் அதே போட்டியில் நான்காமிடம் வந்தார். 2001 ஜூனில் ஜாகுவார் அணி அவரை சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன் காரில் உட்காரவைத்துப் பார்த்தது. ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவர். நான்காமிடத்துக்கு அன்று அந்த மரியாதை இருந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது அவர் காரில் இருந்த அணிப் பெயர் ஜோர்டான். 1983-ல் பிரண்டிலுக்குக் கார் கொடுத்தாரே, அதே எடி ஜோர்டான் வளர்த்த அணி. இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலையில் நடந்த போட்டியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிய மார்க்கை உலகம் படித்தது. "தேர்ட் க்ளாஸா?" என்று கேட்ட நண்பனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

அப்புறம் எப்படிப் படுத்தது?

ஒரே நாளில் இல்லை. முதல் விரிசல் 2003. பிரான்ஸும் ஜெர்மனியும் தங்கள் தேசியப் போட்டிகளை ஒன்றாக்கி 'யூரோ சீரிஸ்' என்று புதுக் கடை திறந்தன. அங்கே போன ஒரு பையன் 2005-ல் இருபது பந்தயங்களில் பதினைந்தை ஜெயித்து சாம்பியன் ஆனான். அவன் பெயர் லூயிஸ் ஹாமில்டன். பிரிட்டிஷ்காரன்! உள்ளூரில் கார்ட்டிங் ஓட்டி வளர்ந்தவன், பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் முழு சீசன் ஓட்டாமலேயே மேலே போய்விட்டான். உள்ளூர் ஓட்டல் முதலாளியின் பையனே எதிர்க் கடையில் இட்லி வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்?

உடனே ஆட்டம் கண்டுவிடவில்லை. 2008 சாம்பியன் ஹைமே அல்கர்சுவாரி அடுத்த வருடமே பத்தொன்பது வயதில் ஃபார்முலா ஒன். 2009-ல் டேனியல் ரிக்கார்டோ, 2010-ல் ழான் எரிக் வெர்ன், 2011-ல் ஃபிலிப்பே நாஸர். நால்வருமே மேலே போனார்கள். ஆனால், இவர்களில் முதல் மூவருக்குப் பின்னாலும் ரெட் புல் என்கிற பெரிய கை இருந்தது. பையனைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் போட்டியிடமிருந்து கம்பெனி பிடுங்கிக்கொண்டது. பரீட்சை எழுதுவதற்கு முன்பே ஆளை எடுத்தாயிற்று, பரீட்சை சும்மா ஒரு சம்பிரதாயம் என்று ஆக ஆரம்பித்தது.

இரண்டாவது தப்பு, அமைப்பாளர்கள் தாங்களே செய்தது. பிரிட்டிஷ் போட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு ஸ்பா, மோன்ஸா, ஏன், ருமேனியாவின் புக்காரெஸ்ட் வரைக்கும் போய்ப் பந்தயம் நடத்தினார்கள். பெயரிலேயே 'இன்டர்நேஷனல்' என்று சேர்த்துக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பில்லைக் கட்டுவது யார்? பையனின் அப்பா. லாரி, ஹோட்டல், மெக்கானிக் பேட்டா எல்லாம் ஏறியது. உள்ளூர் ஸ்பான்ஸருக்கு, தன் பெயர் புக்காரெஸ்ட் தெருவில் ஓடி என்ன லாபம்? ஊர் ரசிகனும் போனான், உலக அந்தஸ்தும் வரவில்லை. ரெண்டுங்கெட்டான்.

மூன்றாவது, படிகள் பெருகின. 2010-ல் ஜி.பி. த்ரீ என்று ஒன்று வந்தது. ஃபார்முலா ஒன் நடக்கும் அதே இடத்தில், அதே வார இறுதியில், பெரிய முதலாளிகளின் கண்ணெதிரே ஓட்டலாம். கொஞ்சம் வசதி உள்ளவன் எங்கே போவான்?

கடைசி அடி மேலிடத்திலிருந்து. உலகக் கார் பந்தயங்களுக்கெல்லாம் அப்பீல் கோர்ட் மாதிரி இருக்கிற எஃப்.ஐ.ஏ. அமைப்பு, 2012-ல் ஐரோப்பிய ஃபார்முலா த்ரீ சாம்பியன்ஷிப்பை மறுபடி ஆரம்பித்தது. 2013-ல் அதற்குப் புது விதி எஞ்சின்கள் வந்தன. இரண்டு கடை நடத்த எந்த அணிக்கும் தெம்பில்லை. பெரிய அணிகள் அங்கே முழு கவனத்தையும் வைத்தன. 2013-ல் பிரிட்டிஷ் போட்டி மொத்தமே நான்கு வார இறுதிகளாகச் சுருங்கியது. அந்த வருட சாம்பியன் ஜோர்டன் கிங் ஐரோப்பியப் போட்டியிலும் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். டியூஷனுக்குப் போகிற பையன் ஸ்கூலுக்கும் ஒரு நடை வந்து போவது மாதிரி.

2014-ல் சீனாவின் மார்ட்டின் சாவ் சாம்பியன். வரிசையில் நின்ற கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. அவர் மேல் குறையே இல்லை, வந்தவர்களை ஜெயித்தார். வராதவர்களை எப்படி ஜெயிப்பது? அந்த சீசனோடு கதை முடிந்தது. ஸ்டூவர்ட், ஃபிட்டிபால்டி, பிக்கே, சென்னா, ஹாக்கினன் என்று ஐந்து உலக சாம்பியன்களின் பெயர் பொறித்த பட்டம், வாங்க ஆளில்லாமல் கடை மூடியது.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். "ஸார், 1979-ல் சில்லறைப் போட்டிகளை இணைத்ததைப் பாராட்டினீர்கள். 2012-ல் ஐரோப்பா முழுக்க இணைத்தால் மட்டும் குறை சொல்கிறீர்களே?"

நல்ல கேள்வி. ஐரோப்பியப் போட்டியின் தரத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2014-ல் அங்கே மூன்றாமிடம் வந்த ஒரு பொடியன் அடுத்த வருடமே பதினேழு வயதில் ஃபார்முலா ஒன் ஓட்டினான். பெயர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. 1979-ல் இணைத்தபோது நுழைவுக் கட்டணம் ஏறவில்லை. அதே மைதானங்கள், அதே லாரி, ஞாயிறு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். 2012-ல் இணைத்தபோது முதல் படியே ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது. கூடவே, நிலைக்கவும் இல்லை. அந்த ஐரோப்பியப் போட்டியும் 2018-ல் மூடப்பட்டது. ஜி.பி. த்ரீயோடு சேர்ந்து 2019-ல் 'எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா த்ரீ' என்று வேறு அவதாரம். அறுபது வருடக் கடையை மூடவைத்த புதுக் கடை ஏழே சீசன்தான் தாங்கியது.

நோட்டு விஷயம் சொன்னேனே, அதற்கு ரிசர்வ் வங்கியும் வந்துவிட்டது. 2016 முதல் ஃபார்முலா ஒன் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் மூன்று வருடத்தில் 40 புள்ளி சேர்க்கவேண்டும். எந்தப் போட்டிக்கு எத்தனை புள்ளி என்பதை எஃப்.ஐ.ஏ. தீர்மானிக்கும். முன்பு ஒரு பட்டத்தின் மதிப்பை அதில் ஓட்டியவர்கள் உருவாக்கினார்கள். இப்போது அட்டவணை உருவாக்குகிறது.

ஒரு மனிதர் மட்டும் விடாமல் போராடினார். ஜோனதன் பால்மர். படித்தது டாக்டருக்கு, 1981-ல் ஜெயித்தது பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. பிறகு ரேஸ் மைதானங்கள் நடத்தும் தொழிலதிபர். 2013-ல் அவர் கம்பெனி ஒரு சிக்கன ஃபார்முலா ஃபோர் போட்டியைத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், கட்டுக்குள் செலவு. 2016-ல் அதற்கு 'பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ' என்று பழைய பெயரையே வைத்தார்கள். கார்கள் வரிசை கட்டின. ஆனால், ஃபார்முலா த்ரீ என்ற பெயரை எஃப்.ஐ.ஏ. தனக்கென்று வைத்துக்கொள்ள, 2021-ல் பலகையைக் கழற்றி 'ஜி.பி. த்ரீ' என்று எழுதவேண்டியதாயிற்று. முன்பு ஐரோப்பாவில் இருந்த ஜி.பி. த்ரீ வேறு, இது வேறு. குழம்புகிறதா? குழப்பம்தான் என் புகாரே.

இதில் வில்லன் என்று யாரும் இல்லை. பணம் உள்ளவன் நல்ல போட்டிக்குப் போனான். அணிகள் பணம் உள்ள இடத்துக்குப் போயின. அமைப்பாளர்கள் தாக்குப்பிடிக்க வெளிநாடு போனார்கள். மேலிடம் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியாகச் சரி. கூட்டினால் தப்பு. நஷ்டத்தை எழுதிக்கொண்டவன் ஒருவன்தான். திறமை இருக்கிறது, ஒரே ஒரு சீசனுக்குத்தான் எப்படியோ பணம் புரட்டியிருக்கிறான், எந்தப் போட்டியில் போட்டால் உலகம் தன்னைப் பார்க்கும் என்று தெரியாமல் நிற்கிற பையன். மார்க் ஷீட்டைப் படிக்க முடியாமல் போனால், தேர்வு செய்கிறவர் அடுத்து பார்ப்பது பர்ஸைத்தான்.

2024 ஆகஸ்ட் கடைசியில், நம் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா ஃபோர் கார்கள் பறந்தன. அரசாங்கமே முன்னின்று நடத்தியது. சாலையை மூடலாமா, செலவு நியாயமா என்று ஊரே விவாதித்தது. விவாதிக்கட்டும். ஆனால், என் காதில் விழாத கேள்வி ஒன்று உண்டு. இதில் இரண்டாவதாக வருகிற பையனுக்கு, மூன்றாவதாக வருகிற பெண்ணுக்கு, அடுத்த வருடம் யார் போன் பண்ணுவார்கள்? சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தலைமுறை தலைமுறையாகக் கார் ஓட்டிய ஊர் இது. நமக்கு வெளிச்சம் போடத் தெரிந்துவிட்டது. நம் மார்க்கை வெளியூர்க்காரன் படிக்கவும் வேண்டுமே.

அந்த வாரம் பழைய நண்பன் போன் பண்ணினான். இப்போது அவன் வங்கி மேனேஜர். மகனுக்கு ரேஸ் கிறுக்காம், கார்ட்டிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டான்.

"ஃபார்முலா ஃபோர்னு வந்திருக்கே, அது எப்படிடா?"

ஃபோர்த் க்ளாஸ் என்று பழிதீர்த்திருக்கலாம். இருபத்தைந்து வருடம் கழித்துக் கிடைத்த சான்ஸ்! ஆனால், மகனுக்காகக் கேட்கிறான். "ஜெயிச்ச பையன் பேரைக் கேக்காதே. போன தடவை தோத்த பையன் இப்ப எங்க இருக்கான்னு விசாரி. அப்புறம் பணம் கட்டு" என்றேன்.